வசனம் இல்லாதவர்

நாடக வாசிப்பு முடிந்து எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும், அந்த நாடகத்தின் இரண்டாம் காட்சியில் வந்த ஆள் மட்டும் வாசகசாலை முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஈரக் கோட்டு போட்ட மனிதர். நாடகம் முழுக்க அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. டான்யூப் ஆறு வற்றிப்போய், எதிர்க்கரையில் ருமேனியாக்காரர்கள் கொடியில் என்ன துணி காயப்போடுகிறார்கள் என்றுகூடத் தெரிந்த வறட்சிக் கோடை அது. லிண்டன் மரத்து இலையெல்லாம் சுருண்டு கிடந்தன. அவருடைய கோட்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் வருஷாவருஷம் ஜூன் மாதத்தில் புது நாடகங்களைத் திறந்தவெளியில் வாசிப்பது வழக்கம். எந்த மேடையும் இன்னும் ஏறாத நாடகங்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் தலைநகர் சோஃபியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன வயதுக்காரர்கள். மாவட்ட நாடகக் குழுவின் நடிகர்கள் வேஷம் கட்டாமல், கையில் தாளோடு வரிசையாக உட்கார்ந்து படிப்பார்கள். நாங்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி கேட்போம். நாடகம் பிடித்துவிட்டால் கொறிக்கிற சத்தம் நின்றுபோகும், எழுதியவருக்கு எங்கள் ஊரில் அதுதான் கைதட்டல். அடைப்புக்குறிக்குள் இருப்பதை, அதாவது யார் வருகிறார், யார் போகிறார், எப்போது மழை, எப்போது இருட்டு என்பதையெல்லாம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தெமெனுகா படிப்பாள். கொஞ்சம் சளி கட்டிய சாதாரணக் குரல்தான். ஆனால் அவள் படித்தது நடக்கும். பனி பெய்கிறது என்று அவள் படித்தால் முன்வரிசைகளில் பனி பெய்யும்; விவரம் தெரிந்தவர்கள் ஜூன் மாதத்திலும் சால்வையோடு வருவார்கள். ஒரு வருஷம் நாடகத்தில் வந்த குதிரை வாசகசாலை ரோஜாச் செடியை மொட்டையாக்கிவிட்டது. குதிரை போகிறது என்று அவள் படித்ததும் மரியாதையாகப் போய்விட்டது. ஆகவே இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: உள்ளே கூட்டிவந்ததை மறக்காமல் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

அந்த வருஷம் தெமெனுகா மறந்தாள். மறந்தாள் என்பதுகூடச் சரியில்லை. காட்சிக்கு நடுவே பீச் பழம் தின்றுகொண்டிருந்தாள், சாறு வழிந்து இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. 'ஈரக் கோட்டுக்காரர் எழுகிறார், யாரையும் பார்க்காமல் வெளியேறுகிறார்' என்ற வரி அந்தத் தாள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பேசுகிற ஆளாக இருந்திருந்தால் யாராவது தேடியிருப்பார்கள். வசனம் இல்லாத மனிதரை யார் தேடுவார்கள்? நாடகத்தை எழுதிய கலோயன் என்ற பையனே கவனிக்காமல் நடிகர்களின் வேனில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை வாசகசாலைக் காப்பாளர் மெதோதி, ஒட்டிய தாள்களை ஆவியில் காட்டிப் பிரித்து எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கே வந்தார். நாங்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தோம்.

"இந்தா, ஒரே வரிதான். வந்து படிச்சு ஆளை அனுப்பிவிடு. முற்றமெல்லாம் சேறாகுது."

"நாளைக்குப் படிக்கிறேனே அண்ணே. வெயில் தாழட்டும்."

"வெயிலுக்கும் இந்த வரிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஈரத்தோட ஒரு மனுஷன் எங்க போவாரு? நீங்க ஒண்ணு!"

தெமெனுகாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஆற்றோரத்து வீட்டில் தனியாக இருந்தாள். கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் இருமலையும் மூட்டுவலியையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், தனக்குத் தலைவலி என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய்க்குட்டிகூட இல்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் ஒரு வாய் காப்பிக்குக் கூப்பிட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று சாயங்காலம் அவள் முற்றத்துக்குப் போய், வாசிக்கும் குரலில், 'அவர் எழுகிறார், அவளோடு நடக்கிறார்' என்றாள். எந்த நாடகத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் அவர் எழுந்து அவளோடு நடந்தார். தெருவில் ஈரத் தடம் ஒன்று அவள் வீட்டு வாசல்வரை போயிற்று.

நாளைக்கு என்றது அடுத்த மாதம் ஆகி, அடுத்த வருஷம் ஆகி, அதற்கு அடுத்த வருஷமும் ஆயிற்று. அவர் சமையலறையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கோட்டுத் தண்ணீரை அவள் வாளியில் பிடித்துத் தக்காளிக்கு ஊற்றினாள். ஊரே வாடிக் கிடந்தபோது அவள் தோட்டத்தில் ஒவ்வொரு காயும் பிள்ளையின் தலை அளவுக்கு வந்தது. "மாப்பிள்ளைக்கு ஒரு துண்டு வாங்கிக் குடுக்கக் கூடாதா தெமெனுகா?" என்று ரொட்டிக்கடையில் கிண்டல் பண்ணுவார்கள். "துண்டு எதுக்கு? உங்க வீட்டுக் குழாயில தண்ணி வருதான்னு பாருங்க முதல்ல," என்பாள். அவளுக்கு வாய் வந்திருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் பீன்ஸ் சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டுவாள். அவர் கேட்டாரா என்று யாருக்குத் தெரியும்? 'அவர் சாப்பிடுகிறார்' என்று படித்தால் சாப்பிடுவார். 'அவர் படுக்கிறார்' என்றால் படுப்பார். ஒரு தடவை, தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளான பெயர் நாளன்று, ஆசையை அடக்க முடியாமல் 'அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்' என்று படித்துவிட்டாள். சிரித்தார். படித்த அளவுக்கு, படித்த நேரத்துக்கு. பிறகு முகம் பழையபடி கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு சோற்றுக்கும் தூக்கத்துக்கும் தவிர அவள் எதையும் படிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் மே மாதம் கலோயன் வந்து நின்றான். சோஃபியாவில் ஒரு நாடக அரங்கம் அவன் நாடகத்தை எடுத்துக்கொண்டிருந்தது, ஒத்திகைதான் நகரவில்லை. ஈரக் கோட்டுக்காரராக நடிக்க வந்தவர்கள் எல்லாருக்கும் மேடை விளிம்பில் கால் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் வந்து போனால்தான் நாடகத்தில் அம்மாவாக நடிப்பவர் மேசையை விட்டு எழ முடியும். அந்த நடிகை மணிக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துப்போனதுதான் மிச்சம். ஊரில் விசாரித்துக்கொண்டு தெமெனுகா வீட்டுக்கு வந்த பையன், சமையலறை வாசலில் அவரைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"எங்க அப்பா இவரு, அக்கா," என்றான். "எங்களை விட்டுட்டுப் போனவரு. ஒருநாள் மழையில வந்தாரு. கதவுகிட்ட கொஞ்ச நேரம் உட்கார்ந்தாரு. எழுந்து போயிட்டாரு."

"அப்ப ஏன் தம்பி ஒரு வார்த்தைகூட எழுதலை நீ?"

"எழுதிப் பார்த்தேன்க்கா. அன்னைக்கு அவரு ஏதாவது பேசினாரான்னே எனக்கு ஞாபகம் இல்ல. எதை எழுதினாலும் பொய்யா இருந்துச்சு."

"மூணு வருஷம் இங்க இருந்திருக்காரு. என் சூப்பைக் குடிச்சிருக்காரு. இப்ப வந்து அனுப்புங்கன்னா? எனக்கு வேற யாரு இருக்கா?"

பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அவரு திரும்பி வருவாருன்னு எங்க அம்மா சாகிற வரைக்கும் அந்த மேசையை விட்டு எழவே இல்லக்கா. நாடகத்துலயாவது அவங்க எழுந்திருக்கட்டும்."

தெமெனுகா அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். பிறகு, ஜூன் வாசிப்பில் படிக்கிறேன், நாலு பேர் முன்னால் படித்தால்தான் எனக்கு மனசு மாறாது என்றாள்.

அந்த ஜூனில் நாற்காலி இல்லாதவர்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவு கூட்டம். ஒரே ஒரு வரிதான் வாசிப்பு. அவர் முற்றத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார், எதிரே தெமெனுகா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் விதை கொறிக்கவில்லை. வேண்டாம் என்று எங்களில் யாராவது ஒருவர் சத்தம் போட்டிருந்தால் அவள் தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. யாரும் வாய் திறக்கவில்லை. அவள் படித்தாள். ஒரு சொல் விடாமல், இடறாமல் படித்தாள். அவர் எழுந்தார், யாரையும் பார்க்காமல் இரும்புக் கதவைத் தாண்டிப் போனார். சாயங்காலத்துக்குள் முற்றம் காய்ந்துவிட்டது. அந்த வருஷத் தக்காளியும் எல்லார் தோட்டத்துத் தக்காளி மாதிரிதான் வந்தது. தெமெனுகா கடைக்குப் போனாள், வீட்டுக்கு வந்தாள். கிண்டல் பண்ணுவதற்குக்கூட எங்களுக்கு நாக்கு எழவில்லை. மெதோதியின் மனைவி மட்டும் அவளைக் காப்பிக்குக் கூப்பிட்டாள், காலம் கடந்துதான்.

குளிர்காலத்தில் நாடகம் அரங்கேறியது. தெமெனுகா நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சோஃபியா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாம் காட்சியில் அவர் வந்தார். நடிகர் இல்லை, அவரேதான். அவரே ஒத்திகைக்கு வரத் தொடங்கியதும் அரங்கத்துக்காரர்கள் ஆள் தேடுவதை விட்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து கதவுகிட்டே உட்கார்ந்தார். அடுத்து அவர் எழுந்து போக வேண்டும். போகவில்லை. தலையைத் திருப்பி, இருட்டில் இருந்த இருக்கைகளைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"மருந்துக்கடைப் பூனை குட்டி போட்டுச்சா?"

இதை யாரும் எழுதவில்லை. யாரும் படிக்கவும் இல்லை. அவர் போவதற்கு முந்தைய கடைசி வாரம் முழுக்கத் தெமெனுகா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பூனையைப் பற்றித்தான். பாதியில் நின்றுபோன பேச்சு அது. மேடையில் அம்மாவாக நடித்தவர் உறைந்துபோனார். கடைசி வரிசையில் தெமெனுகா எழுந்து நின்றாள்.

"போட்டுச்சுங்க. ரெண்டு செத்துப்போச்சு. வெள்ளைக் குட்டி ஒண்ணு பிழைச்சிருக்கு. என் மடியை விட்டு இறங்கவே மாட்டேங்குது."

"அப்படியா," என்றார் அவர். பிறகு எழுந்து வெளியே போனார். அம்மா மேசையை விட்டு எழுந்தாள்.

இப்போது வியாழக்கிழமைதோறும் அந்த நாடகம் நடக்கிறது. தெமெனுகா மத்தியானப் பஸ்ஸைப் பிடித்துப் போகிறாள். இரண்டாம் காட்சியில் அவர் ஊரைப் பற்றி ஏதாவது கேட்பார், அவள் எழுந்து நின்று பதில் சொல்வாள், அவள் சொல்லி முடிக்கும்வரை நாடகம் காத்திருக்கும். போன வாரம் மெதோதியின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டுவிட்டார், அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது.