மஞ்சள் துணியில் முடிந்த மாத்திரை

…மூடு என்றால் மூடத்தானே வேண்டும், என் கண்தானே, பக்கத்து வீட்டுக்காரி கண்ணா, டாக்டர் சொன்னதும் இடது கண் மூடிக்கொண்டது, வலது கண் எனக்கென்ன என்று முழித்துக்கொண்டிருந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அப்படியேதான், தூசி விழுகிறது, தண்ணீர் தானாக வழிகிறது, பக்கத்தில் என் புருஷன் கேசவன் வேர்க்கடலை கொறிக்கிறார். சிரிம்மா என்றார் டாக்டர், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவு அசிங்கமாகவா இருந்தேன்? புடவைக் கடையில் முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட என்னைத்தான் நிறுத்துவார்கள், கன்னிகா கட்டினால் கல்யாணக்காரங்க பேரம் பேச மாட்டாங்க என்று முதலாளியே சொல்வார், இனி குடோனில் போய் மடித்து அடுக்கு என்பார்.

முகம் கோணிய அன்றைக்கே சித்தூரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நரம்பு வீங்கியிருக்கிறது, ஒரு வேளைகூட விடாதே என்று. மறுநாள் காதோரம் கொப்புளம் கிளம்பியது, அதுவும் இந்த நோயோடு சேர்ந்ததுதான் என்று இன்றைக்கல்லவா தெரிகிறது… என் மாமியார் கிருஷ்ணம்மா பார்த்தாள், வாசலில் வேப்பிலை செருகினாள். "அம்மா வந்துகிறா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரிக்கும் மாத்திரை ஆவாது." அட்டையை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், நான் கேசவனைப் பார்த்தேன், அவர் தன் அம்மாவைப் பார்த்தார், பார்க்கலாம் இரு என்றார், எதற்கும் அவசரப்படாத மனுஷன், நானும் இருந்தேன், தண்ணீர் ஊற்றுவதற்குள் பாதி முகம் செத்துவிட்டது. ஏன் நிறுத்தினீர்கள் என்று இன்றைக்கு டாக்டர் கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "மர்ச்சிபோயிந்தி சார்" என்று தெலுங்கில் சொன்னார், மறந்துபோனேனாம், நான். டாக்டர் திட்டியதும் என்னைத்தான், அப்போதே போட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும், இனி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார், இவரும் கூடச் சேர்ந்து தலையாட்டினார், பாவி.

இவர் போன் அடித்தது, மாமியார்தான், பஸ் இரைச்சலில் கேட்காமல் இவர் ஸ்பீக்கரில் போட்டார். "கேசவா, எனக்கும் இடுப்பாண்ட கொப்புளம் போட்டுக்கிச்சிடா, தீயாட்டம் எரியுது… அவளுக்குக் குடுத்த மாத்திரையவே எனக்கும் வாங்கினு வந்துட்றா." அம்மா வந்தால் மாத்திரை ஆகாது என்றீர்களே அத்தை என்று கேட்க வாயெடுத்தேன், முதல் வார்த்தைக்கே உதடு சேரவில்லை, காற்றுதான் வந்தது. "நீ சும்மா இரு" என்றார் கேசவன். வேப்பிலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்க்கலாம் இரு என்றும் சொல்லவில்லை, கடலைப் பொட்டலத்தை என் மடியில் போட்டார், டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான், இவர் கண்டக்டரைக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, படியிலிருந்து குதித்து, எதிரே வருகிற பஸ்ஸுக்குக் குறுக்கே மருந்துக்கடையைப் பார்த்து ஓடுகிறார்… மெதுவான மனுஷன் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பு கழன்று நடு ரோட்டில் கிடக்கிறது, அதை எடுக்கக்கூட அவர் திரும்பவில்லை.