நாடா வெட்டாத மெசின்

மாளிகைமுனை வைத்தியசாலையின் பின்வளவில் சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு கட்டி முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு மெசின்கள் பொலித்தீன் உறை கழற்றாமல் நின்றன, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்வரை பொத்தி வைத்த சீதனத் தளபாடம் மாதிரி. தண்ணீரைச் சுத்தமாக்கும் தொகுதி பொருத்தியாயிற்று. பாண்டிருப்பிலிருந்து வரும் தாதி துஷாந்தினி மட்டக்களப்பில் பயிற்சி முடித்து வந்துவிட்டாள். ஒன்றுதான் நடக்கவில்லை: திறப்பு விழா.

இந்தக் கரையில் நாடா வெட்டாத பொருள் எதுவும் இருப்பதாகக் கணக்கில்லை. பஸ் தரிப்பிடம் கட்டினால்கூட, பெரிய மனிதர் ஒருவர் வந்து கத்தரிக்கோல் பிடிக்கும்வரை சனம் அதற்கு வெளியே மழையில்தான் நிற்கும். கழிவறைக்குக்கூடத் திறந்தவர் பெயர் பொறித்த நினைவுப் படிகம் பதித்த ஊர் இது. அந்தப் படிகத்தில் இரண்டு பேருடைய பெயர் இருக்கிறது; யாருடைய பெயர் மேலே வரவேண்டும் என்ற சண்டையில் கழிவறை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது.

இதையெல்லாம் பேஸ்புக்கில் எழுதுவது இதே வைத்தியசாலையில் வேலை செய்யும் டொக்டர் முஸ்பிறாவின் வழக்கம். எங்களுடைய வரியை எடுத்து எங்களுக்கே ஸதக்காவாக, தானமாகத் தருகிறார்கள், அதை வாங்கிக்கொண்டு நாங்களும் பொன்னாடை போர்த்துகிறோம் என்று எழுதுவார். இலவச சுகாதாரம் உரிமை, உபகாரம் அல்ல என்று எழுதுவார். மருந்துக்கு வரிசை, எக்ஸ்ரேக்குத் தேதி, படித்த டொக்டர்மாருக்கு விமான ரிக்கட் என்று நாடு போகிறது. எங்கள் ஊர்களோ எந்த ஊர் வைத்தியசாலையின் பெயர்ப்பலகை பெரியது என்று அடிபடுகின்றன என்று எழுதுவார். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்தபடி அதற்கு விருப்பக்குறி போடுவார்கள். போன தேர்தலில் வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடித்து மாற்றத்துக்கு வாக்களித்தவர் அவர். மாற்றம் வந்தது. ஜவாத்தும் மாறினார்.

ஜவாத் போன அரசாங்கத்தில் ஒரு எம்பியின் இணைப்பாளர். தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் சேர்ட்டின் நிறத்தை மாற்றிக்கொண்டு, பழைய எம்பியின் படம் தொங்கிய ஆணியிலேயே புதிய பிரதி அமைச்சரின் படத்தைத் தொங்கவிட்டவர். இப்போது வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் செயலாளரும் அவர்தான். திறப்பு விழாவுக்குப் பிரதி அமைச்சரிடம் தேதி கேட்டு நடக்கிறவரும் அவர்தான். மூன்று தரம் தேதி வந்து மூன்று தரமும் தள்ளிப்போனது.

இந்த நிலையில்தான் மக்கீன் ஒருநாள் முஸ்பிறாவின் அறைக்குள் வந்து கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். சாய்ந்தமருது கடற்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் இரண்டு நாள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர். முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாயால் போய் வந்தது.

"இந்தக் கிழம போகல்லயா காக்கா?"

"இனிப் போக மாட்டன் டொக்டர். போன தரம் வாற வழியில கல்லாத்துப் பாலத்தடியில பஸ்ஸுக்குள்ள மயங்கி விழுந்திட்டன். குடிகாரனெண்டு நினைச்சி கண்டக்டர் இறக்கி உட்டுட்டான். மௌத்தாகிறதெண்டா என்ட ஊட்டுல கிடந்து மௌத்தாகிறன்."

முஸ்பிறா காதுக்குழாயை மாட்டி அவருடைய நெஞ்சில் வைத்துக் கேட்டார். நுரையீரலின் அடியில் தண்ணீர் சலசலத்தது. இந்த மனிதர் சொன்னபடி வீட்டில் கிடந்தால் அடுத்த வெள்ளிக்குப் பள்ளியில் ஜனாஸா அறிவித்தல் வரும்.

"பின்னுக்கு மெசின் இரிக்கி. வாங்க."

"அது இன்னம் தொறக்கல்லயே!"

"கதவுத் தொறப்பு என்ட மேசையில இரிக்கி காக்கா."

"அதில்ல டொக்டர். மினிஸ்டர் சேர் வந்து தொறக்காம நாம போய்ப் படுத்தா மரியாதையா? ஜவாத் தம்பிட்ட ஒரு வார்த்த கேப்பமே."

மூச்சு எடுக்க முடியாத மனிதர் மரியாதைக்கு மட்டும் மூச்சு வைத்திருந்தார். முஸ்பிறாவுக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

"ஜவாத்துட்ட நான் கேக்கிறன். நீங்க படுங்க."

ஜவாத்திடம் கேட்கவில்லை. வைத்தியசாலையின் தலைவரான அத்தியட்சகரிடம் மட்டும் சொன்னார். அவர் ஓய்வுபெறக் காத்திருக்கும் மனிதர். "நான் அந்தப் பக்கம் போறல்ல டொக்டர், எனக்கு ஒண்டும் தெரியா," என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு முஸ்பிறா பொலித்தீனைக் கிழித்தார்.

அன்றிலிருந்து மக்கீனும் இன்னும் சிலரும் இரகசியமாகச் சுத்திகரிப்புக்கு வந்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில், அரசாங்க மெசினில், அரசாங்கத் தாதி ஊசி போட, கள்ளச் சாமான் வாங்குகிறவர்கள் மாதிரிப் பின்கதவால் வந்து போனார்கள். இந்தக் கூத்தை மட்டும் முஸ்பிறா பேஸ்புக்கில் எழுதவில்லை.

பிறகு தேதி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. ஜவாத் நேரே வந்து நின்றார்.

"எனக்கு எல்லாம் தெரியும் டொக்டர். நடந்தது நடந்திட்டு. செவ்வாக்கிழம ஒரு நோயாளியும் இரிக்கக் கூடா. மெசினுக்குத் திரும்பப் பொலித்தீன் போடணும்."

"எதுக்கு?"

"பாவிச்ச மெசின எப்பிடித் தொறக்கிற? போட்டோ எடுக்கிறானுகள். புதுசு மாதிரித் தெரியணும்."

"நோயாளி இல்லாத ஆஸ்பத்திரிதான் உங்களுக்கு அழகு, என்ன?"

"இப்பிடித்தான் நீங்க. எல்லாத்துலயும் குத்தல். மெசின் சும்மா வந்ததா? நான் கொழும்புக்கு நடந்த நட..."

"நீங்க நடந்தது போன எம்பிக்குப் பின்னால ஜவாத். மெசின் வந்தது சனத்துட காசில."

செவ்வாய்க்கிழமை மக்கீனின் முறை. போன முறை காய்ச்சலில் வரவில்லை. இன்னொரு தரம் தவறினால் தாங்காது. முஸ்பிறா கணக்குப் போட்டார். விடிய ஆறுக்குத் தொடங்கினால் பத்துக்கு முடியும். ஒன்பது மணி என்றால் அமைச்சர்மார் பன்னிரண்டுக்கு வருவார்கள். வந்து, பிந்தியதற்குப் பாதையைக் குறை சொல்வார்கள். கழுவித் துடைத்துப் பொலித்தீன் போட நேரம் தாராளம்.

துஷாந்தினிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "டொக்டர், இந்தப் புது மினிஸ்டர் நேரத்துக்கு வாற ஆளெண்டு கதைக்கிறாங்க."

"துஷா, நான் பிறந்த நாளையில இருந்து இந்த ஊருக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வரல்ல."

பிரதி அமைச்சர் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து இறங்கினார். முன்னுக்குப் பின்னுக்கு வாகனம் இல்லை. தானே கதவைத் திறந்து இறங்கி, பந்தலில் வரவேற்க யாரையும் காணாமல், கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். முழு நாட்டிலும் மாறிய ஒரே ஒரு விடயம் முஸ்பிறாவின் கணக்கைக் கெடுப்பதற்காகவே மாறியது போலிருந்தது.

ஜவாத் பொலித்தீன் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே மக்கீன் கட்டிலில் கிடந்தார். கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெசினுக்குப் போயிருந்தன. அவற்றில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"டொக்டர், காக்காவ ஒரு பத்து நிமிசத்துக்குக் கழட்டுங்களன்."

"கழட்டிக் கொழுவ இவரு என்ன, ஓட்டோவுட பெற்றரியா?"

மக்கீன் தலையைத் தூக்கினார். "சேர் வந்திட்டாரா தம்பி? என்னக் கழட்டி உடுங்க டொக்டர், சேருட மரியாத கெட்டுப் போகும்."

"படுங்க காக்கா!"

ஜவாத் வெளியே போய் நிகழ்ச்சி நிரலை மாற்றினார். முதலில் பேச்சு, பிறகு நாடா. பேச வேண்டியவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமா? குர்ஆன் கிறாஅத் ஓதப்பட்டது. வரவேற்புரை சொன்னவர் பிரதி அமைச்சரைப் பற்றிச் சொன்னது முழுவதும் போன வருடம் பழைய எம்பியைப் பற்றிச் சொன்னதுதான். பெயர் மட்டும் வேறு. பந்தலில் வெக்கை தாங்காமல் யாரோ மேடைக்குப் பெரிய குளிர்காற்றுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொழுவினார்கள்.

சுத்திகரிப்புப் பிரிவில் மின்சாரம் போனது.

மெசின் கீச்சிட்டது. துஷாந்தினி பாய்ந்து திரையைப் பார்த்தாள். "இரத்தப் பம்ப் பெற்றரியில ஓடுது டொக்டர். தண்ணி நிண்டிட்டு. பெற்றரி கொஞ்ச நேரந்தான் தாங்கும்."

முஸ்பிறா சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கினார். அது திரும்ப விழுந்தது. அப்போதுதான் கண்டார்: ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு தடித்த வயர் வந்து, மெசின்களுக்கென்றே போட்ட இணைப்பில் கொழுவியிருந்தது. பந்தல்காரர் கிட்டத்தில் இருந்த இடத்தில் எடுத்துவிட்டார். ஒலிபெருக்கி, மின்விசிறி, குளிர்காற்றுப் பெட்டி எல்லாம் அந்த ஒரு வயரில். ஒலிபெருக்கிக்கு மட்டும் பந்தல்காரர் தன் சொந்தப் பெற்றரியை வைத்திருந்ததால் அது நிற்கவில்லை. அதன் வயரும் இந்த வயரோடு பின்னிக் கிடந்தது. அந்தப் பெற்றரியும் ஜன்னல் கட்டிலேயே இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வரும்.

ஜவாத் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "சேர் இப்பதான் மைக்கப் பிடிச்சிரிக்காரு. முடியட்டும் டொக்டர். அஞ்சு நிமிசம்."

"மெசினுட பெற்றரி நிண்டா இவருட ரெத்தம் அந்தக் குழாய்க்குள்ள உறையும் ஜவாத்."

"அப்ப ரெத்தத்தத் திருப்பி உட்டுட்டு இண்டைக்கு நிப்பாட்டுங்க."

அதைச் செய்யலாம். பாதியில் நிறுத்தலாம். நெஞ்சில் பாதித் தண்ணீரோடு மக்கீன் வீட்டுக்குப் போவார், கட்டில் காலியாகும், பொலித்தீன் போடலாம், படம் அழகாக வரும்.

"வயர இழுத்தீங்கண்டா, பொத்துவிலுக்குத்தான் மாத்தலாகிப் போவீங்க. சொல்லிட்டன்," என்றார் ஜவாத்.

முஸ்பிறா வயரைப் பிடித்தார். அந்த நேரம் பிரதி அமைச்சரின் குரல் ஜன்னலால் வந்தது. "இந்த மெசின் நான் தந்ததல்ல. உங்கள் வரிப்பணம். இலவச சுகாதாரம் உங்கள் உரிமை. யாருக்கும் நீங்கள் நன்றி சொல்லத் தேவையில்லை..."

முஸ்பிறாவின் கை நின்றது. வசனத்துக்கு வசனம் அவரே பேஸ்புக்கில் எழுதியவை. இவ்வளவு காலமும் எந்த மேடையிலாவது ஒருவராவது இதைச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தவை. அடுத்த வசனத்தைக் கேட்க வேண்டுமென்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆசையை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது. பின்னால் மெசின் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

இழுத்தார்.

உரிமை என்ற சொல்லின் பாதியில் ஒலிபெருக்கி செத்தது. முஸ்பிறா சுவிட்சைத் தூக்கினார். இந்த முறை நின்றது. மெசினின் கீச்சு அடங்கி, தண்ணீர்த் தொகுதி உறுமத் தொடங்கியது.

வெளியே பிரதி அமைச்சர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். சத்தமில்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க இந்த ஊரில் எவருக்கும் பழக்கமில்லை. சனம் எழும்பிச் சாப்பாட்டுப் பொதி இருந்த பக்கம் போனது. பிரதி அமைச்சர் வந்து சத்தமில்லாமல் நாடாவை வெட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டார்.

மக்கீன் குழாய்களோடு எழும்பப் பார்த்தார். துஷாந்தினி தோளைப் பிடித்து அமுக்கினாள். "எல்லாம் உங்கட உதவி சேர்! அல்லா உங்களுக்குப் பரக்கத் செய்யணும்!"

நன்றி தேவையில்லை என்று இப்போதுதான் மைக்கில் சொன்ன மனிதர், நெஞ்சில் கை வைத்து அந்த நன்றியை ஏற்றுக்கொண்டார். முகம் மலர்ந்துபோயிருந்தது. முஸ்பிறா திரும்பிச் சுவிட்சுப் பெட்டியை மூடினார்.

அந்தக் கிழமைக்குள் பொத்துவில் கதை வைத்தியசாலை முழுவதும் பரவிவிட்டது. அமைச்சருக்குக் கோபமில்லையாம், ஜவாத்துக்குத்தான் கோபமாம். பொத்துவில் சனம் என்ன பாவம் செய்தது, அவர்களுடைய ஊரைத் தண்டனை என்று வைத்திருக்கிறார்களே என்று முஸ்பிறா சிரித்தார். இரவில் சிரிப்பு வரவில்லை. அவர் போனால் இந்தப் பிரிவுக்கு வேறு டொக்டர் இல்லை. பொலித்தீன் திரும்ப வரும். இடமாற்றத்தை எதிர்த்து எழுத உட்கார்ந்தார். வழக்குப் போடலாம், சங்கத்துக்குப் போகலாம். இரண்டும் முடிவதற்குள் மக்கீன் முடிந்துவிடுவார்.

அடுத்த முறை மக்கீன் முன்கதவால் வந்தார். முகத்தில் வீக்கம் இல்லை.

"நீங்க எங்கயும் போகல்ல டொக்டர். நான் கதைச்சிட்டன்."

"ஆரோட?"

"ஜவாத் தம்பியோட. நானும், இஞ்ச வாற மத்த ஆக்களுமாப் போய் ஊட்டு வாசல்ல நிண்டம். டொக்டர மாத்தினா வாற பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கட ஊட்டு வோட்டு ஒண்டும் உழாதெண்டு சொன்னம். அழுதும் காட்டினம். பாவம், ஆள் இளகிட்டான்."

முஸ்பிறாவுக்கு முகம் சுட்டது. "நான் ஆருட காலிலயும் விழச் சொன்னனா காக்கா? இது என்ட வேல. என்ன மாத்த அவன் ஆரு? இதக் கெஞ்சி எடுக்கிறதா?"

"நீங்க கெஞ்ச மாட்டீங்க. அதான் நாங்க கெஞ்சினம்," என்றார் மக்கீன், தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில்.

சொல்வதற்கு முஸ்பிறாவிடம் நிறைய இருந்தது. எழுதி வைத்ததே ஏராளம். தலையை நிமிர்த்தினார். கதவுக்கு மேலே புதுப் படிகம் பளபளத்தது. பிரதி அமைச்சரின் பெயருக்குக் கீழே, அதைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், ஜவாத்தின் பெயர்.

"கைய நீட்டுங்க."

நீட்டினார். முஸ்பிறா நரம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: "உண்மையாச் சொல்லுங்க. போன தேர்தல்ல ஆருக்குப் போட்டீங்க?"

மக்கீன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதெல்லாம் கேக்கக் கூடா டொக்டர். அது என்ட உரிம."