சத்தம் குறைவான மெஷின்

ராட்னி கோஸ்கெலாவுக்குப் பனி ஒதுக்குகிற பழைய ஸ்னோபுளோயர் மெஷின்கள் மேல் அப்படி ஒரு பித்து. பெரிய மெஷின்கள் அவனுக்கு வேண்டாம். ஒரே ஒரு சுழலியில் ரப்பர் துடுப்பு மாட்டி, அந்தத் துடுப்பே பனியை வாரி அதே வீச்சில் குழாய் வழியாக வெளியே எறிகிற சின்ன வகைதான் வேண்டும். அதிலும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் ஆளுக்குக் கண் மின்னும். நெகானி ஊரைச் சுற்றி எந்தக் கொட்டகையில் அப்படியொன்று துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டாலும், சர்ச்சுக்குப் போகிற வழியில்கூட வண்டியைத் திருப்பிவிடுவான்.

"காரை வெளிய நிறுத்திட்டு இதுகளை உள்ள படுக்க வச்சிருக்க. ராத்திரி போர்வை போத்தி விடணுமா?" என்பாள் அவன் மனைவி லோர்னா.

அந்த ஆரஞ்சு மெஷின் கிடைத்தது ஒரு கோழிக்கொட்டகையில். இன்ஜின் மூடிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. துடுப்பு ரப்பர் விறைத்துப்போய், வளைத்தால் பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. இலையுதிர்காலம் முழுக்க ராட்னி அதோடு மல்லுக்கட்டினான். பள்ளிப் பேருந்து ஷெட்டில் வேலை முடிந்ததும் நேரே வந்து உட்கார்ந்துவிடுவான். புது பெல்ட், புது துடுப்பு, இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிறு, எல்லாம் கிடைத்தது. சைலன்சர் மட்டும் கிடைக்கவில்லை. பழையது கையோடு உதிர்ந்து வந்துவிட்டது; அந்த மாடலுக்கு இப்போது யாரும் செய்வதில்லை. ராட்னி ஒரு துண்டு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து மாட்டினான்.

முதல் இழுப்பிலேயே அது பிடித்துக்கொண்டு அலறியது. ஷெட்டில் கூட வேலை பார்க்கிற ஹாங்க் ஸ்வெட்டிச் தன்னுடைய சிவப்பு மெஷினைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். இருவரும் போனில் டெசிபல் காட்டும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு மாறிமாறி முடுக்கினார்கள்.

"மாப்ள, என்னோடது கொசு. உன்னோடது ஜெட் விமானம்டா!" என்று ஹாங்க் தோற்றுப்போனதைக் கொண்டாடினான். ராட்னிக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் பென்ஹேல் தம்பதி இருந்தார்கள். எல்வின் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் சளி கட்டி இரவெல்லாம் இருமுவார். விடிந்த பிறகுதான் அவருக்குக் கண் அசரும். அந்த நேரம் பார்த்துத்தான் ராட்னி வேலைக்குக் கிளம்புமுன் வாசல் பனியைத் தள்ள மெஷினை முடுக்குவான்.

எல்வினின் மனைவி மார்வா முதல் தடவை வந்து நயமாகத்தான் சொன்னார். "ராட்னி, எல்வின் தூங்குறதே அந்தக் கொஞ்ச நேரம்தான்பா. வேற மெஷின் வச்சிருக்கியே, அத எடுக்கக்கூடாதா?"

"கண்டிப்பா, மார்வா. நீங்க சொல்லிட்டீங்கல்ல" என்றான் அவன். இரண்டு நாள் வேறு மெஷினை எடுத்தான். மூன்றாம் பனிக்கு மறுபடியும் ஆரஞ்சுதான். அதன்பிறகு அதைக் கேட்டாலே மார்வா வாசல் படிக்கு வந்து கையை ஆட்ட ஆரம்பித்தார். ராட்னி காதடைப்பானை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்ளப் பழகினான். பார்க்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்காற்று முழங்கால் உயரத்துக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ராட்னி பாதி வாசலைத் தள்ளி முடித்திருந்தான். தலையை நிமிர்த்தியபோது மார்வா படியில் நிற்பது தெரிந்தது. கோட்டு இல்லை, வீட்டுச் செருப்போடு நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாய் அசைந்தது.

ராட்னி கைப்பிடியை விட்டான். துடுப்பு நின்றது, இன்ஜின் சத்தம் இறங்கியது. ஒரு கணம் அவரைப் பார்த்தான்; அதற்குள் அவர் தலை வீட்டுப் பக்கவாட்டுக்குத் திரும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இந்தப் பாட்டா என்றுதான் தோன்றியது. மெஷினைத் திருப்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியை மறுபடி அழுத்தினான். வேண்டுமென்றே தெரு விளிம்பு வரை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போனான். ஒரு அற்ப திருப்தி இருந்தது அதில்.

வெகு நேரம் கழித்துப் பனி மேல் சிவப்பு வெளிச்சம் சுழன்றது. ஆம்புலன்ஸ்.

எல்வின் தன் வீட்டுப் பக்கவாட்டில் வழுக்கி விழுந்து கிடந்தார். ஒதுக்கிவைத்த பனிக்குவியல் மறைத்ததால் ராட்னி நின்ற இடத்திலிருந்து அவர் தெரியவில்லை. தூக்கப் பார்த்தும் முடியாமல்தான் மார்வா படிக்கு ஓடி வந்திருக்கிறார். கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் போன் செய்திருக்கிறார். தெருவெல்லாம் பனி, வண்டி வர நேரமாகிவிட்டது. அதுவரை மார்வா எல்வினைப் போர்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அந்தப் பனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இடுப்பு எலும்பு முறிவு. குளிரில் கிடந்ததில் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. பிழைப்பாரா என்றே ஒரு வாரம் தெரியவில்லை.

"உன்னக் கூப்பிட்டேன் ராட்னி. நீ எங்க கேட்ருக்கப் போற, காதுல அத மாட்டிக்கிட்டு" என்றார் மார்வா, ஆஸ்பத்திரி வராந்தாவில். குரலில் குறை எதுவும் இல்லை. ராட்னி அப்போதே சொல்லியிருக்கலாம். "ஐயோ, தெரியாமப் போச்சே" என்ற வார்த்தைதான் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு அதைத் திரும்பப் பெற வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து பென்ஹேல் வீட்டு வாசலையும் அவனே தள்ளினான். ஆரஞ்சைத் தொடவில்லை. சத்தம் குறைவான ஒன்று வேண்டும் என்று தேடி அலைந்து, ஒரு மஞ்சள் மெஷினை வாங்கினான். அதே சின்ன வகை, ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்; கனம் அதிகம், குரல் தடிப்பு. அதைப் பிரித்து, அடைப்பு எடுத்து, ஆடுகிற தகடுகளுக்கெல்லாம் ரப்பர் வைத்து முறுக்கினான். ஹாங்க் பார்த்துவிட்டு, "என்னடா, சத்தம் கூட்டுறத விட்டுட்டு இப்ப சத்தம் குறைக்கிற? வயசாயிடுச்சா?" என்று சீண்டினான். ராட்னி அடுத்த திருகை முறுக்கினான்.

மார்வாவோ அவனைக் கொண்டாடினார். குங்குமப்பூ போட்டுச் சுட்ட பன்னைத் தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். சர்ச்சில் எல்லோரிடமும், "ராட்னி மாதிரி ஒரு பக்கத்து வீட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான்?" என்றார். அவன் அந்த பன்னைத் தொடவேயில்லை. லோர்னா, "ஏன் சாப்பிடல? உனக்குப் பிடிச்சதாச்சே" என்றபோது வயிறு சரியில்லை என்றான்.

பிப்ரவரியில் ஒரு மதியம், லோர்னாவை மஞ்சள் மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டு, மார்வாவின் ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெசிபல் ஆரஞ்சை விட அவ்வளவு ஒன்றும் குறைவாகக் காட்டவில்லை. காதுக்கோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. மார்வா ஜன்னலைத் தட்டினார்.

"வெளிய நின்னு என்னத்த அளக்குற? நாங்க கேக்குறது உள்ள உட்கார்ந்துதானே? வா, காபி ஆறுது."

சமையலறையில் உட்கார்ந்தான். மஞ்சள் மெஷின் வெளியே ஓடுவது ஃபிரிட்ஜ் ஓடுவது மாதிரி இருந்தது. பேச்சுக்கு இடையூறே இல்லை.

"பரவாயில்லையே! இப்ப அந்தப் பூதத்தையும் போடச் சொல்லு, வித்தியாசத்தப் பாக்கலாம்" என்றார் மார்வா.

ராட்னி வேண்டாம் என்று சொல்லுமுன் அவரே ஜன்னலைத் திறந்து லோர்னாவிடம் சொல்லிவிட்டார். ஆரஞ்சு அலறியது. பாத்திரக் கூடையில் கரண்டிகள் கிணுகிணுத்தன. சுவர் வழியாக அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. இதைத்தான் இந்தக் கிழவர் விடியற்காலையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாரா என்று ராட்னிக்கு முகம் சுட்டது. வாசல் முனையில் லோர்னா கைப்பிடியை விட்டாள். சத்தம் சட்டென்று இறங்கியது. திருப்பிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். ஏறியது. ஒளிவுமறைவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டாலும் அங்கே நடப்பது தெரிந்தது.

"இதத்தான் எல்வின் ஆஸ்பத்திரில சொல்லிட்டே இருக்காரு" என்றார் மார்வா, காபியில் சர்க்கரையைக் கலக்கியபடி. "கீழ விழுந்து கெடக்கும்போது உன் மெஷின் நின்னுச்சாம். 'ராட்னி பாத்துட்டான், வந்துருவான்'னு நெனச்சாராம். அப்புறம் மறுபடி ஓடிருச்சாம். இருந்த பதட்டத்துல நான் எதையும் கவனிக்கல. நான்தான் சொன்னேன், குளிர்ல புத்தி பேதலிச்சுப் போச்சு உங்களுக்கு, அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு."

ராட்னி கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவர் சொல்றது சரிதான், மார்வா."

"எது சரி?"

"நான் பாத்தேன். நீங்க ரெண்டு கையையும் ஆட்டினத. சத்தத்துக்குத் திட்றீங்கன்னு நெனச்சேன். நின்னேன். அப்புறம் திரும்பிக்கிட்டேன்."

மார்வா கரண்டியை நிறுத்தவில்லை. சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"கோட்டு இல்லாம நின்னேன்" என்றார்.

"ஆமா."

"செருப்போட."

"ஆமா. அதையும் பாத்தேன்."

"ஆஸ்பத்திரில அந்த மனுஷன்கிட்ட சண்ட போட்டேன், ராட்னி. உனக்காக. உளறாதீங்கன்னேன். நர்ஸ் முன்னாடி சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கிட்டப் பேசாம சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தாரு." குரல் உயரவேயில்லை. "வீட்டுக்குப் போ."

"மார்வா..."

"போன்னு சொன்னேன்."

லோர்னாவிடமும் அன்றே சொன்னான். அவள் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்கிட்டகூடச் சொல்லத் தோணலையா உனக்கு? நானும் ஊரெல்லாம் உன்னப் பத்திப் பெருமை அடிச்சுட்டு இருந்தேனே" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த பனிக்கு ராட்னி மஞ்சள் மெஷினோடு பென்ஹேல் வாசலுக்குப் போனான். மார்வா, பனியைக் கையால் வாரித் தள்ளுகிற அகலமான தள்ளுவாரியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். எழுபது தாண்டிய மனுஷி.

"அங்கேயே நில்லு. என் வாசல்ல கால் வைக்காத."

அவன் நின்றான். அவர் கொஞ்சம் தள்ளுவதும், மூச்சு வாங்க நிற்பதும், மறுபடி தள்ளுவதுமாக இருந்தார். ராட்னி தன் வீட்டுக்குள் போய் ஜன்னலருகே நின்று, அவர் முடித்து உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமல் இருப்பது இனிமேல் முடியாது. ஒவ்வொரு பனிக்கும் இப்படியேதான் போனது.

"நீ ஓடிப்போயிருந்தாலும் இடுப்பு உடைஞ்சது உடைஞ்சதுதானே மாப்ள" என்று ஹாங்க் ஆறுதல் சொன்னான்.

"நிமோனியா?" என்றான் ராட்னி. ஹாங்க் பேச்சை மாற்றிவிட்டான்.

மார்ச் மாதம் எல்வினை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று காலை பார்த்து ஈரப்பனி கொட்டியது. சாலைப் பனியை ஒதுக்குகிற லாரி வந்து, பென்ஹேல் வாசல் முகப்பில் கெட்டியான பனியைச் சுவர் மாதிரி தள்ளிவிட்டுப் போயிற்று. ராட்னியின் கதவு தட்டப்பட்டது. மார்வா. மூச்சு இரைத்தது, கையில் தள்ளுவாரியின் பிடி மட்டும் இருந்தது, ஒடிந்துபோய்.

"ஆஸ்பத்திரி வேன் வந்துட்டே இருக்கு. உள்ள நுழைய முடியாது. மெஷின எடுத்துட்டு வா."

ராட்னி மஞ்சளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். ஈரப்பனியில் அது இரண்டடி போய்க் குழாய் அடைத்துக்கொண்டு திணறியது. சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டினான், மறுபடி அடைத்தது.

"அந்தப் பூதத்தக் கொண்டு வா" என்றார் மார்வா.

"சத்தம்..."

"எனக்குத் தெரியாத சத்தமா? கொண்டு வா."

ஆரஞ்சு அலறிக்கொண்டு அந்தச் சுவரில் பாய்ந்தது. வேகம் அதற்குத்தான் உண்டு. ஈரப்பனியைக் கொத்துக்கொத்தாகத் தெருவுக்கு அப்பால் எறிந்தது. ராட்னி காதடைப்பானை மாட்டவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் கைப்பிடியை விட்டுவிட்டு, நிமிர்ந்து மார்வாவைப் பார்த்தான். அவர் படியில் நின்று, போ என்பதுபோல் தலையை அசைத்தார். மறுபடி அழுத்தினான்.

வேன் வந்தபோது வழி திறந்திருந்தது. ராட்னி இன்ஜினை அணைத்தான். எல்வினைச் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். ஆள் பாதியாகியிருந்தார். ராட்னி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றான்.

"எல்வின், அன்னிக்கு நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

"மார்வா சொன்னா" என்றார் எல்வின். இருமல் வந்து அடங்கும்வரை காத்திருந்தார். "எனக்கு முன்னாடியே தெரியும். காது எனக்கு நல்லாத்தான் கேக்கும்."

"மன்னிச்சிருங்கன்னு கேக்க..."

"அத இப்பக் கேக்காத. வாய்க்கு வந்ததச் சொல்லிருவேன். குளிருது. உள்ள தள்ளு."

ராட்னி நாற்காலியைப் பிடித்தான். படிக்குப் பக்கத்தில் பனி வழுக்கியது. சக்கரம் நழுவாமல் ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தினான். மார்வா கதவைத் திறந்து பிடித்திருந்தார். நாற்காலி உள்ளே போனதும் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கதவை மூடுமுன் ஒரு கணம் நின்றார்.

"நாளைக்கும் கொட்டுமாம். மஞ்சள எடுத்துட்டு வா. அவரு எந்திரிச்சதுக்கப்புறம் வா. நான் ஜன்னல்லேருந்து சொல்றேன்."

"பாத்துட்டே இருக்கேன், மார்வா" என்றான் ராட்னி.

கதவு மூடிக்கொண்டது. அவன் ஆரஞ்சை முடுக்காமல், கையாலேயே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.