தலையில் கட்டிய கொடி

ஊட்டிக்குள் பஸ் நுழையும் திருப்பத்தில் சுமலதா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாடி உயரம் இருப்பாள். தலையில் சிவப்புத் துணி, முதுகில் புத்தம் புதிய மூங்கில் கூடை. அப்படிக் கூடை சுமந்து சோலூர்ப் பக்கம் யாரும் கொழுந்து பறித்துப் பல வருஷம் ஆகிறது. எல்லாரும் நைலான் பைக்கு மாறியாயிற்று. விளம்பரக்காரர்களுக்கு நைலான் பிடிக்காது போல. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், ‘மருந்தே தொடாத தளிர், மலை தரும் ஆரோக்கியம்’ என்று போட்டிருந்தது.

நிஜச் சுமலதா பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்தபடி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, அது நீதானே?” என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்.

“இல்லீங்க, என்னை மாதிரி இருக்கு,” என்றாள் சுமலதா. பாதி உண்மைதான். அந்தப் பலகையில் இருந்தவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இவளுக்கு இருந்தது.

கரடிக்கல் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்தால், அந்தத் தேயிலைக் காட்டுக்குள் நுழையும் பாதையில் ஒரு குச்சியை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். மருந்துக் கொடி என்று பெயர். கொடி நிற்கும்வரை பெண்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். பக்கத்துப் பாதையில் நடக்க நேர்ந்தால்கூட முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு விடுவிடுவென்று கடந்துவிடுவார்கள். எந்தத் தேதியில் அடித்தார்கள், எந்த மருந்து என்றெல்லாம் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. கொடி இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் வேலை. மேஸ்திரி காளிமுத்துவுக்கும் அதே கணக்குதான்.

விளம்பரப் படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏழாம் நம்பர் காடுதான் பிடித்திருந்தது. மேடும் பள்ளமுமாக இறங்கி, அந்தப் பக்கம் மேகம் நிற்கும் இடம். ஆனால் பாதை முனையில் கொடி நின்றது. இயக்குநர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். பச்சைக்கு நடுவில் அந்தச் சிவப்பு அவருக்குப் பிடித்துவிட்டது.

“அந்தக் கலர் செம. அவங்க தலையில கட்டுங்க,” என்றார்.

உடை பார்க்கும் பெண் துணியை அவிழ்த்து எடுத்து வந்தாள். சுமலதா பின்வாங்கினாள்.

“அது மருந்துக் கொடிங்க. எடுக்கக் கூடாது.”

“அஞ்சு நிமிஷம்தான் அக்கா. முடிஞ்சதும் திரும்பக் கட்டிடலாம். உள்ளேயும் போக வேண்டாம், ஓரத்துல நின்னு சிரிச்சா போதும்.”

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. சுமலதாவின் நெற்றியில் மயிரை ஒதுக்கி, கன்னத்தில் எதையோ தடவி, “அக்கா, நீங்க எவ்வளவு அழகு தெரியுமா?” என்றாள். முப்பத்தைந்து வயதில் முதல் முறையாக ஒருத்தி அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனம் இளகாது? சுமலதா நின்றாள், சிரித்தாள். சொன்னபடியெல்லாம் திரும்பினாள். எல்லாம் முடிந்ததும் ஆளாளுக்கு அவளோடு செல்பி எடுத்தார்கள். அதன் பிறகு ஜீப்பின் முன் சீட்டில் உட்காரவைத்து லயன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். எஸ்டேட் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வருவது என்றால் சும்மாவா? வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கை ஆட்டினாள். துணி தலையிலேயே இருந்தது.

மறுநாள் அவளுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது. ஏழாம் நம்பரில் கொழுந்து பறிக்கப் போன பெண்களைத் தாங்கிப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள், இன்னொருத்திக்கு மூச்சுத் திணறியது. அடுத்த வீட்டுத் தேவி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, “எரியுது, எரியுது,” என்று அலறினாள். சுமலதா திரும்பிப் பார்த்தாள். துணி உலர்த்தும் கொடியில் அவளுடைய ரவிக்கைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதை உருவி, சுருட்டி, ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் திணித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ரொட்டி! பெண்கள் காலையில், ரொட்டி சுட்டு விற்கும் சின்னம்மையின் கொட்டகையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார்கள். தினமும் அப்படித்தான் போகிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பீல்ட் ஆபீசர் நவநீதன், ஏழாம் நம்பரில் மருந்தே அடிக்கவில்லை, அடித்திருந்தால் கொடி இருந்திருக்குமே, இருந்ததா என்று கேட்டார். பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள். கொடி இல்லைதான். அவர்களுடைய வழக்கமே அவர்கள் வாயை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் சாப்பாட்டுக் கோளாறு என்றே எழுதி, வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். தேவியின் கண்ணை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

உள்ளூர்ச் சேனலில் நிருபர் ரொனால்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கெட்டுப்போன தேங்காய்ச் சம்பல், சுகாதாரமில்லாத கொட்டகை என்று முழங்கினான். அடுத்த வாரமே விளம்பரமும் வந்துவிட, செய்திக்கு முன்னாலும் பின்னாலும் சுமலதா சிரித்தாள். செய்தியை வழங்குவதே அந்தத் தேயிலைதான்.

சின்னம்மை சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். புருஷன் போனபின் அந்த ரொட்டிக் கல்லை வைத்துத்தான் பிழைக்கிறாள். எஸ்டேட் நிர்வாகம் கொட்டகையை மூடச் சொன்னது. மாசக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அங்கே கம்பெனியின் ‘ஆரோக்கிய நிலையம்’ வரப்போகிறது, தொழிலாளர்கள் இனி சுத்தமான பாக்கெட் உணவு வாங்கிச் சாப்பிடலாம் என்று பலகை நட்டார்கள். பாக்கெட் நூடுல்ஸ்தான் சுத்தம், விடிகாலையில் எழுந்து ஒருத்தி பிசைந்து சுடும் ரொட்டி அசுத்தம். காலம் அப்படி.

சுமலதாவுக்கோ புது வேலை கிடைத்திருந்தது. பேக்டரியைப் பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்குப் பட்டுப் புடவையில் நின்று டீ ஊற்றிக் கொடுக்கும் வேலை. அட்டைக்கடி இல்லை, மழையில்லை, முதுகில் பாரமில்லை. அவள் புருஷன் பாலு, “வாயைத் தொறந்தா நாளைக்கே மேட்டுக்கு ஏத்திருவாங்க, பாத்துக்க,” என்றான். அவன் சொல்லாமலே அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சின்னம்மையின் மூடிய கொட்டகை வழியாகப் போகாமல், சுற்றுவழியில் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசி நெருங்கியபோது ரொனால்ட் கேமராவோடு பேக்டரிக்கு வந்தான். புதிய நிலையத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. விளம்பரத்தில் வந்த முகமே பேசினால் நன்றாக இருக்கும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஒண்ணுமில்லைங்க அக்கா. முன்னாடி வெளிச் சாப்பாடு சாப்ட்டு எல்லாருக்கும் முடியாமப் போச்சு, இப்ப கம்பெனி நல்லாப் பாத்துக்குதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுமலதா வாயைத் திறந்தாள். அவளுக்கே தெரியாமல் வேறு வார்த்தை வந்தது.

“சின்னம்மையக்கா ரொட்டியால ஒண்ணும் ஆகலைங்க. ஏழாம் நம்பர்ல மருந்து அடிச்சிருந்துச்சு.”

ரொனால்ட் கேமராவை அணைத்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அக்கா, நான் உங்க பக்கத்து ஊர்க்காரன். பொய் சொல்லல. இதைப் போட்டா நாளைக்கே விளம்பரம் நின்னுரும். விளம்பரம் நின்னா சேனலே இல்லை. என்னோட சேந்து நாலு பேரு ஊட்டுல அடுப்பு எரியறது அதுலதாங்க.”

“அப்ப நெசத்தை எங்கதான் போடுவீங்க?”

“பேச வேண்டாம்க்கா. சும்மா ஒரு தடவை டீ ஊத்திட்டு சிரிங்க, போதும்,” என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் டூரிஸ்டுகள் உள்ளே வந்தார்கள். பழக்கதோஷம், அவள் டீ ஊற்றிச் சிரித்தாள்; கேமராவில் மறுபடி சிவப்பு விளக்கு எரிந்தது.

சாயங்காலம் சுமலதா இனித் தாங்காது என்று சின்னம்மையின் கொட்டகைக்குப் போனாள். சின்னம்மை தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கல் மட்டும் அடுப்பின்மேலேயே இருந்தது. மூலையில் சின்ன டிவியில் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. சுமலதா டீ ஊற்றினாள், சிரித்தாள். பின்னால் ரொனால்டின் குரல், சுகாதாரமற்ற கொட்டகைகளிலிருந்து தொழிலாளர்களுக்கு விடுதலை என்றது.

“நீயுமா சொல்லிட்ட புள்ள?” என்று சின்னம்மை கேட்டாள்.

“நான் சொல்லலக்கா. சத்தியமா நான் அப்படிச் சொல்லல.”

“சிரிச்சியே.”

சின்னம்மை திரும்பிக்கொண்டாள். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். திட்டியிருந்தால் சுமலதா அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றது.

மறுநாள் காலை மஸ்டர் களத்தில் பெண்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்தார்கள். சுமலதா பட்டுப் புடவை கட்டவில்லை. கொழுந்து பறிக்கும்போது கட்டும் பழைய படங்குத் துணியை இடுப்பில் சுற்றியிருந்தாள். தலையில் அந்தச் சிவப்புத் துணி.

சிலர் சிரித்தார்கள். “அடடா, சினிமாக்காரி வந்துட்டா!” என்றாள் ஒருத்தி. பலகையில் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்திருந்தார்கள். துணியைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? இப்போது பக்கத்தில் பார்த்தார்கள். ஓரத்தில் கிழிசல், குச்சி நுழைந்த ஓட்டை, எஸ்டேட் ஸ்டோரின் கறுப்பு மை முத்திரை. முன்வரிசையில் இருந்தவர்களின் சிரிப்பு அடங்கியது. அது மெல்லப் பின்வரிசைக்கும் பரவியது.

நவநீதன் முன்னால் வந்தார். “என்னம்மா இது வேஷம்? போய் டியூட்டியில நில்லு.”

“வேஷம் இல்லைங்க சார், கொடி. ஏழாம் நம்பர்ல நின்ன கொடி. படம் புடிக்க அவுத்து என் தலையில கட்டுனாங்க. திரும்பக் கட்டறேன்னாங்க, கட்டல. நானும் கேக்கல. ஜீப்புல ஏறின சந்தோஷத்துல ஊட்டுக்கே கொண்டு போய்ட்டேன். கொடி இல்லாததைப் பாத்துத்தான் இவங்க உள்ள போனாங்க. மருந்து அடிக்கலைன்னு சொல்றீங்களே, அப்பக் கொடி எதுக்குங்க நட்டீங்க?”

யாரோ எதையோ தலையில் கட்டிக்கொண்டு வந்தால் ஆயிற்றா என்றார் நவநீதன். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: “நாங்க சொல்லணுமா சார், ஊட்டில பெரிய பலகையா வச்சு நீங்களே காட்டிட்டு இருக்கீங்க!”

தேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கண் இன்னும் சிவந்து, பாதி மூடியிருந்தது. சுமலதாவின் தலையிலிருந்து துணியை உருவி, கையில் பிடித்து, கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அன்னைக்கே நீ ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருந்தா, டாக்டர் என் கண்ணைப் பாத்திருப்பாருடி. வயித்துக்கு மாத்திரை குடுத்திருக்க மாட்டாரு.”

சுமலதா தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டால் கண் தெரிந்துவிடுமா?

தேவி துணியை நவநீதனின் கையில் திணித்தாள். பிறகு ஒருவரிடமும் எதுவும் சொல்லாமல், களத்தை ஒட்டியிருந்த சின்னம்மையின் கொட்டகையை நோக்கி நடந்தாள். கதவைத் தட்டி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்:

“அக்கா, ஒரு ரொட்டி போடுங்க. சம்பல் கொஞ்சம் கூடவே வைங்க.”

உள்ளே சாக்கு அவிழ்க்கும் சத்தம், மாவு டப்பா திறக்கும் சத்தம். அடுப்பில் புகை வந்தது. ரொட்டி சுடும் மணம் பனியில் கலந்து களம்வரை வந்தபோது பெண்கள் ஒவ்வொருவராகத் தேவிக்குப் பின்னால் போய் நின்றார்கள். அன்று காலை யாரும் பெயர் கொடுக்கவில்லை. பீல்ட் ஆபீசருக்கு எதிரே நின்று, நிதானமாக மென்று, சாப்பிட்டுவிட்டுத்தான் அசைந்தார்கள். சுமலதா வரிசையில் கடைசியாக நின்றாள். அவள் முறை வந்தபோது சின்னம்மை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ரொட்டியைக் கொடுத்தாள். சூடாகத்தான் இருந்தது.

கம்பெனி இன்றுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ரொனால்டின் சேனலில் அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. சுமலதா மறுபடி மேட்டில் கொழுந்து பறிக்கிறாள். தேவியின் கண்ணைக் கோயம்புத்தூரில் காட்டுகிறார்கள். பாதி தெரியும் என்கிறார்கள். சின்னம்மையின் கொட்டகை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆரோக்கிய நிலையத்தின் பலகை மழையில் சாய்ந்ததை யாரும் நிமிர்த்தவில்லை.

ஊட்டித் திருப்பத்தில் பெரிய பலகையும் அப்படியே நிற்கிறது. சிவப்புத் துணியோடு சுமலதா இன்னும் சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும் கரடிக்கல் பெண்கள் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். தேவி முதலில், பிறகு மற்றவர்கள், அவர்களோடு சுமலதாவும், முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொள்கிறார்கள். வெளியூர்ப் பயணிகள் திகைத்துப்போய் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுகிறார்கள்.