எண்ணிக் கொடுக்கும் விரல்

சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் ஊதுகிறவர்களுக்குப் பாதி வேலை, சும்மா உட்கார்ந்து மற்றவர்களின் தாளவட்டங்களை எண்ணுவதுதான். எங்கள் இருவரில் எண்ணுவது நான், இரண்டாவது டிரம்பெட். முதல் டிரம்பெட் பாரத் எண்ணுவதில்லை. அவன் ஊதவேண்டிய இடம் நெருங்கும்போது முழங்கால் மேல் ஒரு விரலைத் தூக்குவேன். அதைப் பார்த்து அவன் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோவான். சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த முறை கச்சேரியில் ஒரு டிரம்பெட் மட்டும் தனியாக ஊதும் சோலோவை, ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கைசர் ஜஹான் மேடம் எனக்குக் கொடுத்திருந்தார். நந்தனம் கல்லூரியில் மாலை வகுப்பு முடிந்து ஊரூர் குப்பத்துக்குத் திரும்பியதும், படகுகளுக்கு நடுவே நின்று அதையே ஊதிப் பழகினேன். குப்பத்தில்தான் என் வீடு. செபஸ்தியான் மாமாவின் கானா குழுவிலும் ஊதுகிறேன். கல்யாணம், சாவு, மாதா திருவிழா, எதுவானாலும்.

ஒரு சாவு ஊர்வலத்துக்கு பாரத் வந்து நின்றான். நான் ஊதுவதை போனில் வீடியோ எடுத்தான். பிடித்துப்போய் எடுக்கிறான் என்று நினைத்து அவனைப் பார்த்துத் தலையசைத்தேன். அடுத்த ஒத்திகையில், மயிலாப்பூர் ஹாலில், எல்லோர் முன்னாலும் அதை ஓடவிட்டான்.

"கேளுங்க மேடம். ஸ்டெல்லாவோட டோன்ல சாவு பேண்டு ஏறிடுச்சு. இது சோலோவுக்கு செட் ஆகுமா?"

வயலின்காரர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் சோலோவை அவனுக்கு மாற்றினார். ஒருவேளை என் ஒலி உண்மையாகவே கெட்டுவிட்டதோ என்று வீட்டில் பதிவுசெய்து திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரியவில்லை.

"கோச்சுக்காத மச்சி. விரல மட்டும் கரெக்டா தூக்கிடு" என்று பாரத் என் தோளைத் தட்டியிருந்தான். தூக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மாமாவிடம் சொன்னேன்.

"இன்னாமா, அவ்ளோதானா? நானா இருந்தா அவன் டிரம்பெட்டுக்குள்ள நெத்திலிய சொருகி வுட்டிருப்பேன்."

"நாறும் மாமா. எனக்குப் பக்கத்துலதான் உக்காருவான்."

"அதுவும் சரிதான். ஆனா நீ சும்மா உக்காந்துக்கினு இருப்பியா? நம்ம செட்டுல எவனாவது பாட்ட வுட்டா, பக்கத்துல கீறவன் புடிச்சிக்கணும். உனக்கு அதான பழக்கம்."

"அங்க அப்படி இல்ல. அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு."

"பாக்கலாம்" என்றார்.

கச்சேரி அடையாறில். முன்வரிசையில் பாரத்தின் குடும்பம். நான் ஒழுங்காகவே எண்ணினேன்; தப்பாக எண்ண எனக்கு வராது. இடம் வந்தது. விரலை முழங்காலோடு அழுத்திக்கொண்டேன். மேடத்தின் கை எங்கள் பக்கம் திரும்பியபோது அவன் டிரம்பெட் மடியில் கிடந்தது. கண் என் விரலில். முகம் வெளுத்தது. அதைப் பார்க்கத்தான் இத்தனை வாரமும் காத்திருந்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரம்பெட் சத்தம் கேட்டது. ஊதியது நான்தான். பாட்டு கீழே விழப்போகிறது என்றதும் உதடு என்னைக் கேட்கவில்லை. குப்பத்தில் ஊதுகிற அதே ஒலியில் கடைசிவரை ஊதிவிட்டேன்.

கைத்தட்டலின்போது மேடம் எங்கள் பக்கம் கை நீட்டினார். பழக்கத்தில் பாரத் எழுந்தான். அவன் அப்பா படம் எடுக்க போனை உயர்த்தினார். மேடம் தலையசைத்து அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் காட்டினார். அவன் உட்காரும்வரை காத்திருந்து, மெதுவாக எழுந்தேன். நான் ஊதியது திட்டத்தில் இல்லை. மெதுவாக எழுந்தது என் திட்டம்தான்.

வெளியே வந்ததும், "ஏன் விரல் தூக்கல?" என்றான்.

"சாவு பேண்டுல யாரும் எண்ண மாட்டாங்க பாரத்."

மனசு உறுத்தும், அப்போது இதையெல்லாம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் உறுத்தவில்லை. பாரத் இப்போது எண்ணப் பழகுகிறான். உதடு அசைகிறது. பாதியில் விட்டுவிட்டு ஓரக்கண்ணால் என் முழங்காலைப் பார்க்கிறான். நான் டிரம்பெட்டை அதன்மேல் வைத்து மறைத்துக்கொள்கிறேன்.