வாசனை இல்லாத பாக்கெட்

"கோவிச்சுக்காதீங்கக்கா, இன்னிக்கும் பாப்பாவை எடுத்துக்க முடியாது," என்றாள் குழந்தைகள் காப்பகத்து ஆயா. "தொடையெல்லாம் எப்படிச் செவந்து கெடக்கு பாருங்க. ஒட்டுற புண்ணான்னு மத்த அம்மாங்க என்னைப் பிச்சு எடுத்துருவாங்க."

குழந்தையின் அம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குப் போன இரண்டே வாரத்தில் மூன்று நாள் லீவு போட்டாயிற்று. "நாளைக்கும் வரலைன்னா, உனக்குப் பதிலா வந்த பொண்ணையே வெச்சுக்கறேம்மா," என்று நேற்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

எதைத்தான் அவள் மாற்றவில்லை? சோப்பு, டயப்பர், துணி துவைக்கும் பவுடர். கடைசியில் பழி மாமியார் தேய்த்துவிட்ட எண்ணெய் மேல் விழுந்தது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு நான்கு நாள்.

ஆயா குழந்தையின் பையிலிருந்து, துடைக்கும் ஈரத்துணியான வைப்ஸ் பாக்கெட்டை எடுத்து ஒரு தாளை உருவினாள். துடைக்கப் போனவள் நின்று மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசனை இல்லாததுன்னு வெளியில போட்டிருக்கு. இதென்ன, சென்ட் பாட்டில் கவுந்த மாதிரி மணக்குது?"

பத்து நாளாக ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்துக் கிடந்த அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கணவனிடம் நீட்டினாள். லிப்ட் மெக்கானிக்கான அவன் கதவருகே நின்றிருந்தான். வாங்கிப் பார்க்காமலே அவன் முகம் செத்துப்போனது.

"அது... கடையில நீ கேட்டது இல்ல. வேற ஒண்ணு இருந்துச்சு. அதைப் பிரிச்சு இந்தப் பாக்கெட்டுல சொருகிட்டேன்."

"ஏன்?"

"அதுக்கு முந்தின வாரம் பாக்கெட் காலின்னு சொன்னதுக்கே நீ தரையில உக்காந்து அழுதியேம்மா. இன்னொரு தடவை இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எல்லாம் ஈரத்துணிதானேன்னு நெனச்சேன்."

ஆயா சிரிப்பை அடக்க, குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இனி வெதுவெதுப்பான தண்ணியும் பஞ்சும் போதும்ண்ணே. ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாம காத்தாட விடுங்க. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு, தோல் தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்க."

"ஏதாவது திட்டேன்," என்றான் அவன், வாசலுக்கு வந்ததும்.

"திட்டவும் தெம்பு வேணுமில்ல." அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். "உங்கம்மாவை வேற பேசிட்டேன். மணி ஒன்பதாகப் போகுது. என் வேலை போச்சு."

அவன் போனை எடுத்தான்.

"சார், எனக்கு மூணு நாள் லீவு வேணும்... இல்ல சார், பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்ல. தப்பு பண்ணினது நான், புள்ளைக்குப் புண்ணாயிருக்கு. நாந்தான் பாத்துக்கணும்... சரி சார், சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

பேசி முடித்துவிட்டு மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ வேலைக்குக் கெளம்பு. பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டிட்டு, அப்படியே அம்மா கால்லயும் நானே விழுந்துட்டு வந்துடறேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அவன் தோளில் நெற்றியை வைத்தாள். மகள் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.