மூலை உடைந்த ஸ்லைடு

மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் அவள் உதவியாளர். மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவுவது, துடைப்பது, பெட்டியில் அடுக்குவது என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. டெக்னீசியன் ஆக ஒரே வழி செய்முறைத் தேர்வு. மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று.

கோட்டை விட்ட கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். மைக்ரோஸ்கோப்பில் ஐந்து இணைப்புத் திசுக்களை வைப்பார்கள். எது எது என்று எழுத வேண்டும், ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். தன் ஆய்வகத்து ஸ்லைடுகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குமிழி இருந்தால் குருத்தெலும்பு, கீறல் விழுந்திருந்தால் கொழுப்புத் திசு, மூலை உடைந்திருந்தால் தசைநாண். கண்ணாடியைத்தான் தெரியும், உள்ளே இருப்பதைத் தெரியாது. அங்கே படித்தவர்களும் அப்படித்தான் தேறினார்கள். அவர்களுக்குத் தேர்வு அதே பெட்டியில் நடந்தது, பிழைத்தார்கள். இவளுக்கு இரண்டு தடவையும் வேறு ஊர், வேறு பெட்டி. திருதிருவென்று விழித்துவிட்டு வந்தாள்.

"விட்டுத் தள்ளும்மா. இருக்கற வேலை போதாதா?" என்றான் தையல்காரனான அவள் வீட்டுக்காரன்.

"கழுவுறவளாவே ரிட்டயர் ஆக மாட்டேன். இன்னொரு தடவை இருக்குல்ல?"

மறுநாளே கறுப்புக் காகிதத்தில் ஓர் உறை செய்தாள். நடுவில் பொட்டளவு ஓட்டை. ஸ்லைடை உள்ளே தள்ளினால் மூலையும் தெரியாது, லேபிளும் தெரியாது. மதிய இடைவேளை தோறும் ஸ்லைடுகளைக் கலைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்து உறையில் போட்டு, பார்த்து எழுதி, பிறகு உறையைக் கழற்றிச் சரிபார்த்தாள். சாப்பாடு ஆறிப்போனது. போகட்டும்!

முதல் மாதம் எல்லாமே இளஞ்சிவப்பு நூல்கண்டாகத் தெரிந்தது. மெல்ல மெல்லத்தான் சங்கதி பிடிபட்டது. எந்த இணைப்புத் திசுவானாலும் செல்கள், நார்கள், இரண்டையும் தாங்கும் தளப்பொருள், அவ்வளவுதான். எது கூட, எது குறைச்சல் என்பதில்தான் வகை பிரிகிறது. தளப்பொருளில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகினால் எலும்பு. அதுவே வழவழப்பாக இருந்து, குழிகளுக்குள் செல்கள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தால் குருத்தெலும்பு. இரத்தமும் இந்தக் குடும்பம்தான் என்று படித்தபோது அவளுக்குக் கோபமே வந்தது. நார் எங்கே, கட்டு எங்கே? தளப்பொருளே நீராக ஓடுகிறது என்று புரிந்த பிறகுதான் சமாதானம் ஆனாள்.

மிகவும் படுத்தியது இரண்டு. தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் நார்கள் ஒரே திசையில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும். தோலின் அடியடுக்கில் அதே நார்கள் நாலா பக்கமும் பின்னிக் கிடக்கும். இதைச் சொன்னதும் வீட்டுக்காரன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"அது கயிறு. ஒரு பக்கம் இழுத்தா தாங்கும். இது கம்பளியை அமுக்கிச் செஞ்ச துணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும்."

ஆறு மாதத்தில் பெட்டி முழுக்கச் சரியாக வந்தது, அந்த இரண்டைத் தவிர. அவள் தோல் என்று எழுதினால் லேபிளில் தசைநாண், தசைநாண் என்று எழுதினால் தோல். ஒரு தடவைகூட மாறவில்லை. லேபிளா பொய் சொல்லும், நமக்குத்தான் மண்டையில் மசாலா இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தேர்வு அவளுடைய ஆய்வகத்திலேயே நடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார்கள் எல்லாரும். தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த, நரைத்த தலையம்மா. கூடவே துறைத் தலைவர். வாயைத் திறந்தால் 'முறைப்படி' என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

நான்கு ஸ்லைடுகளைக் கடகடவென்று எழுதிவிட்டாள். ஐந்தாவதிலும் லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். மூலையை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. உடைந்த மூலை பல்லைக் காட்டியது. தசைநாண். பார்க்கவே வேண்டாம், எழுதினால் போதும்.

அவள் குனிந்து பார்த்தாள். நார்கள் நாலா பக்கமும் ஓடின.

அப்போதுதான் ஸ்லைடு கழுவும் தொட்டியில் நடந்தது நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். சோப்புத் தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட, இரண்டு லேபிள்கள் கழன்று மிதந்தன. எது எதனுடையது என்று தெரியாமல், கேட்கவும் பயந்து, குத்துமதிப்பாக ஒட்டி வைத்தாள். ஆக, ஆறு மாதமாகத் தப்பு அவள் கண்ணில் இல்லை, லேபிளில்தான்.

தசைநாண் என்று எழுதினால் நாளைக்கே டெக்னீசியன், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஆறு மாதம் ஆறிய சோறு தின்று பழக்கிய கண்ணை ஓர் உடைந்த மூலைக்கு விற்பதா? ஆத்திரமாக வந்தது. 'தோலின் அடியடுக்கு' என்று அழுத்தி எழுதினாள்.

முறைப்படி தாளை எட்டிப் பார்த்தார். "பன்னண்டு வருஷமா துடைக்கறியேம்மா, மூலை உடைஞ்சது தசைநாண்னு தெரியாதா? முறைப்படி இது ஃபெயில்."

"மூலையை விடுங்க சார், உள்ள பாருங்க. தோல்னு லேபிள் போட்ட ஸ்லைடையும் எடுத்துப் பாருங்க, தசைநாண் அதுலதான் இருக்கு. சேர்ந்த புதுசுல மாத்தி ஒட்டினது நான்தான்."

தேர்வாளரம்மா இரண்டையும் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "சார், இதை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

முறைப்படி மின்விசிறியைப் பார்த்தார். "அப்படின்னா முறைப்படி இவங்களுக்கு மெமோ குடுக்கணும்."

"குடுங்க சார், வாங்கிக்கறேன்." அவள் தலை குனியவில்லை. "ஆனா மெமோவுல என் வேலையை என்னன்னு போடுவீங்க? உதவியாளரா, டெக்னீசியனா?"

தேர்வாளரம்மா மதிப்பெண் தாளில் ஐந்துக்கு ஐந்து என்று எழுதி, மை காய ஊதினார்.

"டெக்னீசியன்னே போடுங்க சார். முறைப்படி."